‘விக்ரம்’ படம்: மலையகத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

லோகேஷ் கனகராஜ் இயக்க, கமல்ஹாசன் தயாரித்து நடித்த ‘விக்ரம்’ 2022 ஜூன் 3ஆம் திகதி வெளியானது. ஆண்டுகள் கடந்தும் இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் நாங்கள் நண்பர்கள் கூடிப் படம் போட்டுப் பேசுகிற இடங்களில் இதன் பெயரை எடுத்தாலே வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது. ஒரே வீட்டில் தகப்பன் ஒரு கட்சி, மகள் எதிர்க்கட்சி. அங்கே எழுந்த கேள்விகளையும், பார்த்தவர்கள் சொன்ன அபிப்பிராயங்களையும், அவற்றைப் பற்றி எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதியிருக்கிறேன். கதையின் முடிச்சுகளையெல்லாம் அவிழ்த்துத்தான் பேசியிருக்கிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசிப்பது நல்லது.

படத்தின் கதைதான் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சென்னையில் வரிசையாகக் கொலைகள் நடக்கின்றன. முகமூடி அணிந்த ஒரு கூட்டம் கொலையைப் படம்பிடித்துப் பொலிஸாருக்கு அனுப்புகிறது. இறந்தவர்களின் பட்டியலில் கர்ணன் என்ற சாதாரண மனிதர் ஒருவரும் இருக்கிறார். போதைப்பொருள் தடுப்பு அதிகாரியாக இருந்து கொல்லப்பட்ட பிரபஞ்சனின் வளர்ப்புத் தந்தை அவர். துப்புத்துலக்க அமர் (பகத் பாசில்) தலைமையில் ஓர் இரகசியக் குழு வருகிறது. இடைவேளையில்தான் குட்டு உடைகிறது. கர்ணன் சாகவில்லை. முன்னொரு காலத்தில் அரசின் இரகசியப் படையில் இருந்த விக்ரம் அவர்தான். மகனின் சாவுக்குக் காரணமானவர்களை வேட்டையாடுவதும் அவர்தான். மறுபக்கத்தில் சந்தானம் (விஜய் சேதுபதி). காணாமல்போன இரண்டு கொள்கலன் போதைமருந்து மூலப்பொருளைத் தேடி அலைகிறான். அவனுக்கும் மேலே ரோலக்ஸ் என்று ஒருவன்.

எங்கள் ஊர்களில் பலர் இதைத் தாமதமாகப் பார்த்தது ஏன்?

பொருளாதார நெருக்கடியில் நாடு தவித்த அந்த ஜூன் மாதம் எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. நாள்தோறும் மின்வெட்டு. மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர வேறு எவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கமே அறிவித்துவிட்டது. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வரவே வழியில்லாதபோது தியேட்டரைப் பற்றி யார் நினைப்பார்கள்? படம் இணையத் தளத்துக்கு வந்தது ஜூலை 8. மறுநாள் ஜூலை 9, கொழும்பில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். ஊரே செய்தி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் விக்ரமைப் பார்க்க யாருக்கும் மனம் இருக்கவில்லை. அதன் பிறகுதான் மெல்ல மெல்லக் கைபேசி கைபேசியாக மலை ஏறியது.

இதில் ஒரு சுவையும் உண்டு. அதிகாரத்தில் இருப்பவர்களை ஒருவர் வீடு தேடிப் போய் வெட்டிச் சாய்க்கிற கதையை, ஆட்சி ஆட்டங்கண்ட மாதங்களில் பார்த்தவர்கள் நாங்கள். அந்த வருடம் பார்த்தவர்களின் கைதட்டலுக்கும், சாவகாசமாகப் பிறகு பார்த்தவர்களின் கைதட்டலுக்கும் வித்தியாசம் இருந்தது.

வன்முறை அளவு மீறிவிட்டதா?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இது. ‘ஆம்’, ‘இல்லை’ என்று நான் எதைச் சொன்னாலும் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள்.

ஆம் என்பவர்களின் வாதம் எளிமையானது. கிட்டத்தட்ட மூன்று மணிநேரப் படத்தில் கத்தியும் துப்பாக்கியும் இல்லாத காட்சிகளைத் தேடித்தான் எடுக்க வேண்டும். உச்சக்கட்டத்தில் பீரங்கியே வந்துவிடுகிறது. பண்டாரவளைப் பக்கத்து ஆசிரியை ஒருவர், கடைசி அரைமணிநேரம் தான் படம் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

இல்லை என்பவர்கள் பெரும்பாலும் முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண்கள். இவர்களுடைய வாதத்தை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. அன்பறிவ் சகோதரர்கள் அமைத்த சண்டைகளில் அடி எங்கிருந்து வருகிறது, யார் எந்தக் கதவால் நுழைகிறார் என்பதெல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்கிறார்கள். நாயகன் கையை ஓங்கினால் பத்துப் பேர் பறக்கிற பழைய சண்டைகளைவிட இதில் உடலுக்கு வலி இருக்கிறது என்கிறார்கள். உண்மைதான். கமல் இதில் மூச்சிரைக்கிறார், அடி வாங்கித் தடுமாறுகிறார். வயதான ஒருவர் சண்டை போடுகிறார் என்பதைப் படம் மறைக்கவில்லை.

என்னைக் கேட்டால், இரத்தத்தின் அளவைப் பற்றிய இந்த விவாதமே இடம் மாறி நடக்கிறது. மலையகத்தில் பார்த்தவர்கள் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, உறுத்தியது வேறு. அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

பெண்கள் இந்தப் படத்தின்மேல் வைக்கிற குறை என்ன?

காயத்ரி. அமரைத் திருமணம் செய்துகொள்கிற பெண். கணவன் என்ன வேலை செய்கிறான் என்றே அவளுக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டுப் பார்க்கிறாள், அவன் மழுப்புகிறான். பிறகு சந்தானத்தின் கூட்டம் அவளைக் கொடூரமாகக் கொன்றுபோடுகிறது. அமர் உடைந்துபோகிறான். சில நொடிகள்தான். அடுத்து அவன் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு விக்ரமின் பக்கம் சேர்ந்துவிடுகிறான். கதை ஓடத் தொடங்கிவிடுகிறது.

கொட்டகலைப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் போட்டபோது, கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர் படம் முடிந்ததும் கேட்ட முதல் கேள்வி: “அந்தப் பிள்ளையை யார் எடுத்து அடக்கம் செய்தார்கள்?” ஆண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. படத்தில் அதற்குப் பதில் இல்லை. அவளுக்குத் தாய் தகப்பன் இருந்தார்களா, யாராவது வந்து அழுதார்களா, எதுவுமே இல்லை. அவளுடைய சாவு அமரை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளுவதற்கான நெம்புகோல். வேலை முடிந்ததும் கீழே போட்டுவிட்டார்கள்.

மகனை இழந்த தகப்பனின் துக்கத்துக்கு ‘போர்கண்ட சிங்கம்’ என்று ஒரு பாட்டே ஒதுக்கத் தெரிந்த இயக்குநருக்கு, இந்தப் பெண்ணுக்கு ஒரு கேத வீட்டைக் காட்ட மனம் வரவில்லை. பழிவாங்கும் கதையில் எத்தனை பேரைக் கொல்கிறார்கள் என்பதைவிட, செத்தவர்களுக்காக அழ எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்பதை வைத்தே நான் படத்தை மதிப்பேன். அந்தக் கணக்கில் ‘விக்ரம்’ பாதிதான் தேறுகிறது.

அழுவதற்கு நேரம் கேட்பது மசாலாப் படத்திடம் கேட்கக்கூடாத கேள்வி இல்லையா?

நண்பர்கள் இப்படித்தான் மடக்குகிறார்கள். சந்தையில் விற்கிற பொருளிடம் சடங்கைக் கேட்காதே என்கிறார்கள்.

நான் காட்டுகிற உதாரணம் எங்கள் கூத்துகள். மாசியில் காமன் கம்பம் ஊன்றித் தொடங்குகிற காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் கோபத்தில் நடக்கிற கொலைதான். தவம் கலைந்த சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரித்துவிடுகிறார். ஆனால் அந்த இரவு முழுவதும் தோட்டத்து மக்கள் காத்திருப்பது எரிகிற காட்சிக்காக மட்டுமா? ரதியின் ஒப்பாரிக்காகவும்தான். தப்பு ஒரு பக்கம் முழங்க, ரதி வேடம் கட்டியவர் அழத் தொடங்கினால் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வாசலில் இருக்கிற கிழவிகள் சேர்ந்து அழுவார்கள். தங்கள் வீட்டுச் சாவையெல்லாம் அதில் அழுது தீர்ப்பார்கள். பிறகு காமன் உயிர்த்தெழுகிறான்.

பொன்னர் சங்கர் கதையில் சண்டைக்குக் குறைவா? பங்காளிப் பகை, வேட்டுவர் பகை என்று இரத்தம் ஆறாக ஓடுகிற கதை அது. அங்கேயும் அண்ணன்மார் விழுந்த பிறகு அவர்களுடைய தங்கை தங்காள் களத்துக்கு வருகிறாள். தேடுகிறாள், புலம்புகிறாள். படுகளத்தில் விழுந்தவர்களை எழுப்புகிற சடங்கு நடக்கிறது. இந்தக் கதைகளைப் பார்த்து வளர்ந்த ஒரு சனத்துக்கு, கொலைக்குப் பின்னால் ஓர் அழுகை வர வேண்டும் என்பது பழக்கமாக ஊறியிருக்கிறது. அந்த அக்காவின் கேள்வி அங்கிருந்து வந்தது. கூத்தும் பொழுதுபோக்குத்தான், விடிய விடிய ஆட்டம், பாட்டு, கோமாளி எல்லாம் அதில் உண்டு. அழுகையையும் சேர்த்தே நடத்திவிடுகிறார்கள்.

அப்படியென்றால் ஏஜென்ட் டீனா?

ஆ, அவள் வேறு. வீட்டு வேலைக்காரியாகப் படம் முழுக்கச் சமையலறையில் நின்ற பெண், சந்தானத்தின் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்ததும் விக்ரமின் பழைய படையைச் சேர்ந்தவள் என்று தெரியவருகிறது. நடனத் துறையிலிருந்து வந்த வசந்தி நடித்திருக்கிறார். அந்தச் சண்டைக்கு எழுந்த ஆரவாரத்தை நான் வேறு எந்தக் காட்சிக்கும் கேட்டதில்லை. கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் எங்கள் தோட்டங்களில் நிறைய. அவர்கள் இந்தக் காட்சியைப் பார்க்கிற விதமே வேறு. “ஐயா வீட்டில் நம்மையும் யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை” என்று ஒருவர் சொல்லிவிட்டுக் கண்ணடித்தார்.

டீனாவும் சாகிறாள். ஆனால் ஒரு வேலையைச் செய்துவிட்டுச் சாகிறாள். பெயர் சொல்லி நினைக்கப்படுகிறாள். அதனால்தான் அவளைப் பற்றி யாரும் குறைப்படவில்லை.

இது போதைப்பொருளுக்கு எதிரான படம்தானே?

வாயால் சொல்வது அப்படித்தான். மகனுக்காக மட்டும் இல்லை, போதையில்லாத ஒரு சமூகத்துக்காகப் போராடுகிறேன் என்கிற தொனி விக்ரமின் பேச்சில் வருகிறது. நல்ல பேச்சு. கண் பார்க்கிறது வேறொன்றை.

சந்தானத்தைக் கவனியுங்கள். அடி தாங்க முடியாமல் சரிகிற ஒவ்வொரு முறையும் சின்னக் குப்பி ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்து உடைக்கிறான். உடனே கண் சிவக்கிறது, இசை ஏறுகிறது, அவன் எழுந்து எதிரியைப் பந்தாடுகிறான். படத்திலேயே போதைமருந்து செய்கிற வேலை இது ஒன்றுதான்: பலம் தருகிறது. அதனால் கை நடுங்கிப் போனவன், பல் விழுந்தவன், தாயின் தோட்டைத் திருடி அடகு வைத்தவன் ஒருவன்கூடப் படத்தில் முகம் காட்டவில்லை. போதை யாரை அழிக்கிறது என்பதைக் காட்டாமல் அதை விற்பவனைக் கொல்வதைக் காட்டினால், பார்க்கிற பையனுக்கு எது மனதில் நிற்கும்? பாடசாலைப் பையன்கள் கூல் டிரிங்ஸ் மூடியைக் கடித்துத் துப்பிவிட்டுத் தோளை உலுக்கிக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். விக்ரமைப் போல நடித்துக் காட்டிய ஒருவனையும் பார்க்கவில்லை.

கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் எங்களுக்குப் பழைய துன்பம். இப்போது ஐஸ் (மெத்தம்பெட்டமின்), ஹெரோயின் என்று பெயர்கள் மாறி வருகின்றன. இங்கே இந்தப் படத்தைப் பார்க்கிற தாய்மாருக்கு அது வெறும் கதைக்கரு இல்லை. அவர்கள் படத்தின் நோக்கத்தைப் பாராட்டுகிறார்கள், சந்தானத்தைத் திட்டுகிறார்கள். விஜய் சேதுபதியின் நடிப்பு அபாரம் என்பதில் மட்டும் தாய்க்கும் மகனுக்கும் ஒரே கருத்து. கூன் விழுந்த நடையும், மூன்று மனைவியர் நிறைந்த அந்தப் பெரிய வீடும், எதையும் சாவதானமாகப் பேசுகிற குரலுமாக அவன் படத்தை மென்று தின்றுவிடுகிறான்.

“இந்த மாதிரி ஆட்களை இப்படிச் சுட்டால்தான் நாடு உருப்படும்” என்று சிலர் சொல்கிறார்களே?

ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் சொல்கிறார். பெரும்பாலும் பிள்ளை பெற்ற தகப்பன்கள். கோபம் புரிகிறது. கொழும்பில் பாதாள உலகக் குழுக்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிற செய்தி இல்லாமல் பத்திரிகை வருவதில்லை என்கிற அளவில் வாழ்கிறோம். சட்டத்தில் நம்பிக்கை வற்றிய இடத்தில்தான் விக்ரம் போன்ற நாயகன் பிறக்கிறான். படத்திலும் பொலிஸ் மேலதிகாரியே கடத்தல்காரனின் சம்பளக்காரர்.

ஆனால் நம் நாட்டில் தண்டனைக்கு என்ன குறைச்சல்? 2 கிராமுக்கு மேல் ஹெரோயினோடு பிடிபட்டாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. 2022இல் வந்த திருத்தம் ஐஸுக்கு 5 கிராம் என்று எல்லை வைத்தது. 1976க்குப் பிறகு இலங்கையில் யாரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும், 2019இல் அப்போதைய ஜனாதிபதி போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் மரண தண்டனைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். உச்ச நீதிமன்றம்தான் தடுத்து நிறுத்தியது. 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரில் பொலிஸார் நாடு முழுவதும் வலைவிரித்தார்கள். ஆயிரக்கணக்கில் கைது செய்தார்கள். அடுத்த மாதமே ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தி மீளாய்வு செய்யும்படி கேட்டார்கள்.

படத்தில் தேடப்படுவது கொள்கலன். நம் சட்டம் எண்ணுவது கிராம். கொள்கலனுக்குச் சொந்தக்காரன் லயத்துக்கு வருவதில்லை. கிராமோடு பிடிபடுகிறவன்தான் நம் அடுத்த வீட்டுப் பையன். அவனும் சுடப்பட வேண்டியவனா என்று அந்தத் தகப்பன்களிடம் கேட்டால், பேச்சு கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது. மசாலாப் படத்திலிருந்து எங்கேயோ போய்விட்டோம், மன்னிக்கவும். ஆனால் எங்கள் கூட்டங்களில் பேச்சு இப்படித்தான் போகிறது.

முதல் பாதியில் கமலையே காணவில்லையே, ஏன்?

வேண்டுமென்றே செய்தது. அமர் ஒவ்வொருவராக விசாரிக்க, கர்ணன் குடிகாரர், போதை அடிமை, பெண்பித்தர் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அந்தக் கதைகளின் கூட்டுத்தொகையாகவே அவர் நமக்கு அறிமுகமாகிறார். எனக்கு இரண்டாம் பாதியைவிட இந்த முதல் பாதிதான் பிடிக்கும். கமலுக்காக வந்தவர்கள் நெளிந்தார்கள். அவர்களுக்கும் இடைவேளைக் காட்சியில் கூலி கிடைத்துவிடுகிறது.

‘கைதி’யைப் பார்த்துவிட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டுமா?

பார்த்தால் நல்லது, கட்டாயமில்லை. 2019இல் வந்த ‘கைதி’யின் பொலிஸ் அதிகாரி பிஜோய் இதிலும் வருகிறார். சில பெயர்கள் தொடர்கின்றன. 1986இல் கமல் நடித்த பழைய ‘விக்ரம்’ படத்தின் நாயகனே முதுமையில் திரும்பி வருகிறான் என்பது இன்னொரு முடிச்சு. வயதானவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் இளையராஜாவின் பழைய பாட்டை முணுமுணுக்கத் தொடங்குவார்கள். தடுக்க வேண்டாம்.

சொந்தக் கருத்து கேட்டால், இரண்டில் ‘கைதி’யே உறுதியான படம். ஒரே இரவு, ஒரே லொறி, பாட்டு கிடையாது. மகளைப் பார்க்கப் போகிற தகப்பன் என்ற ஒரு நூல் கடைசிவரை அறுவதில்லை. யாரைக் கொல்வது என்பதைவிட யாரிடம் போய்ச் சேர்வது என்பதே அங்கே கேள்வி.

சில நிமிடங்களே வருகிற ரோலக்ஸுக்கு ஏன் இத்தனை கைதட்டல்?

சூர்யா என்பதால். பெரும்பாலும் நல்லவனாகவே பார்த்துப் பழகிய முகம் இரத்தம் தெறிக்க வந்து நின்றால் ஓர் அதிர்ச்சி இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் காட்சி அடுத்த படத்துக்கான விளம்பரம். இந்தக் கதைக்கு அது எதையும் சேர்க்கவில்லை. விக்ரமின் பழி தீர்ந்ததா இல்லையா என்று யோசிக்க விடாமல், பகை இன்னும் இருக்கிறது, வாருங்கள் என்று கூப்பிட்டுவிடுகிறார்கள். மஸ்கெலியாப் பக்கத்து முச்சக்கர வண்டி ஓட்டுநர் ஒருவர் தன் வண்டியின் பின்னால் ரோலக்ஸ் படத்தை ஒட்டியிருக்கிறார். விக்ரம் படம் ஏன் இல்லை என்று கேட்டேன். “விக்ரம் அழுவார் சார், வண்டிக்குச் சரிவராது” என்றார். படத்தைப் பற்றி நான் எழுதியதைவிட அவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

அதே இயக்குநரின் ‘லியோ’ மலை ஊரில் நடக்கிறதே, அது நமக்கு நெருக்கமான படம் இல்லையா?

அப்படி எதிர்பார்த்துத்தான் 2023இல் போனோம். இமாசலப் பிரதேசத்து மலை ஊர் ஒன்றில் காபிக் கடை நடத்துகிறவர் நாயகன். பழைய குற்ற உலகம் அவரைத் தேடி வருகிறது. பனி அழகாக இருக்கிறது. ஆனால் மலையில் வேலை செய்கிற ஒரு சீவன் கண்ணில் படவில்லை. மலை, சண்டைக்குப் பின்னால் விரித்த திரை. ஏற்றத்தில் சுமை தூக்குகிறவன் எப்படி மூச்சு வாங்குவான் என்று தெரிந்தவர்களுக்கு அது மலைப் படமாகத் தோன்றாது.

கைபேசியில் பார்த்தால் போதுமா?

போதாது. படத்தின் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. கிரீஷ் கங்காதரனின் ஒளிப்பதிவு சிவப்பிலும் செம்மஞ்சளிலும் இருட்டை நிரப்பி வைத்திருக்கிறது. சின்னத் திரையில், அதுவும் பகல் வெளிச்சத்தில், யார் யாரை அடிக்கிறார் என்றே தெரியாது. “ஒன்றும் விளங்கவில்லை, வெறும் சத்தம்” என்று சொல்கிறவர்களிடம் எதில் பார்த்தீர்கள் என்று முதலில் கேட்பேன். அனிருத்தின் இசைக்கும் நல்ல ஒலிபெருக்கி வேண்டும். ஒரு மண்டபம், ஒரு ப்ரொஜெக்டர், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. இது கிடைத்தால் படம் வேறு படமாகிவிடும்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

இந்தியாவில் யு/ஏ சான்றிதழ் கொடுத்தார்கள். பெற்றோரின் துணையோடு சிறுவர்களும் பார்க்கலாம் என்று அதற்குப் பொருள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தலை துண்டிக்கப்படுகிற படத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்ட எந்தத் துணையும் போதாது. சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற வயது வந்தவர்களுக்குக் காட்டலாம், பிறகு உட்கார்ந்து பேசுவதானால்.

நம் தொலைக்காட்சிகளில் ஒரு வேடிக்கை உண்டு. புகையிலை, மதுசாரம் தொடர்பாக 2006இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, நாயகன் சிகரெட்டை வாயில் வைத்தால் அந்த இடத்தை மங்கலாக்கிவிடுவார்கள். அவன் மறு கையில் வைத்திருக்கிற துப்பாக்கி பளிச்சென்று தெரியும். பிள்ளை எதைப் பார்த்துக் கெடும் என்று யார் முடிவு செய்தார்களோ!

எங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறார். அவர் இருக்கும்போது போடலாமா?

தாராளமாக. கத்திக்கும் துப்பாக்கிக்கும் அவர்கள் அசைவதில்லை, அதைவிட மோசமானதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். அவர்களைப் பதறவைப்பது விக்ரமின் பேரக்குழந்தை. இதய நோயுள்ள அந்தச் சின்னஞ்சிறு பிள்ளையைக் குண்டுச் சத்தத்துக்கு நடுவே தூக்கிக்கொண்டு ஓடுகிற காட்சிகளில் பாட்டிமார் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். ஒருவர் சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றதாகவும் கேள்வி. அதனால் படத்தைத் தொடங்குவதற்கு முன்னாலேயே பிள்ளை பிழைத்துக்கொள்கிறது என்று சொல்லிவிடுங்கள். சுவாரசியம் கெட்டுவிடும் என்று பேரப்பிள்ளைகள் சத்தம் போடுவார்கள். போடட்டும். பாட்டி கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பார், சந்தானத்தை வாயாரத் திட்டுவார், அதைக் கேட்பதே தனிப் பொழுதுபோக்கு.